உலாவி செய்பவர்களுக்கு, அந்தச் சிவப்பு நெளிகோடு பற்றி

ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ், சஃபாரி என்று எந்த உலாவியாக இருந்தாலும் சரி, அதற்குள் எழுத்துப்பிழை பார்க்கும் பகுதியைக் கவனித்துக்கொள்கிற பொறியாளர்களுக்கும், அதில் எது வரலாம் எது வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். தமிழில் தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்ப்பது, வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுவது என்று எல்லாமே இப்போது உலாவிக்குள், ஏதோ ஓர் உரைப்பெட்டிக்குள்தான் நடக்கிறது. தனியாக ஒரு வேர்ட் ஃபைலைத் திறந்து எழுதி நாளாயிற்று. அந்தப் பெட்டிக்குள் நீங்கள் வைத்திருக்கும் பிழைதிருத்தியோடு காலையிலிருந்து இரவு வரை இருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நான் அடித்த ஒரு வரி இது: "முகிலனுக்கும் சொல்லிவிட்டேன், அவர் புறப்பட்டுக்கொண்டிருக்கிறாராம், வந்ததும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்." இதில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் முகிலனுக்கும் என்ற சொல்லின் கீழே பிழை என்று சிவப்பு நெளிகோடு, புறப்பட்டுக்கொண்டிருக்கிறாராம் சிவப்பு, கேட்டுக்கொள்ளலாம் சிவப்பு. சரியாக எழுதிய சொல்லுக்கெல்லாம் கோடு விழுந்தால் எழுதுகிறவர் என்ன செய்வார்? முதலில் ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார், சில நாளில் கண் பழகிவிடும், அப்புறம் ஒரு நாள் வெறுத்துப்போய் அணைத்துவிடுவார். நானும் அணைத்தேன். அணைத்த கொஞ்ச நாளில் ஓர் அறிவிப்பில் "பொறுப்பாளர்கள்" என்று எழுத வேண்டிய இடத்தில், தலைப்பிலும் உள்ளேயும், "பெறுப்பாளர்கள்" என்று போட்டு அனுப்பினேன். ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் அது அப்படியே நின்றது. அதற்குக் கீழே பெயர் இருந்தவர்தான் கூப்பிட்டுச் சொன்னார், கோபப்படாமல் சொன்னார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோடு போட வேண்டிய பிழை அதுதான். நூறு சரியான சொற்களுக்குக் கோடு போட்டதால் அந்த ஒன்றுக்குப் போடும் வாய்ப்பை உங்கள் கருவி இழந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் ஃபயர்ஃபாக்ஸின் 2-ஆம் பதிப்பு உரைப்பெட்டிக்குள்ளேயே பிழை பார்க்கத் தொடங்கியது. 2008-ல் வந்த 3-ஆம் பதிப்பில் ஹன்ஸ்பெல் என்ற இயந்திரம் உள்ளே வந்தது. குரோமிலும் அதுவே இருக்கிறது, லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளிலும் அதுவே. அதற்கு இரண்டு கோப்பு. ஒன்றில் வேர்ச்சொற்களின் பட்டியல், இன்னொன்றில் எந்தச் சொல்லோடு எந்த ஒட்டு சேரும் என்ற விதிகள். இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பதை ஒரு சொல் என்று எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒட்டியிருப்பதை உரித்துப் பார்த்து, மிஞ்சுவது பட்டியலில் இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் கோடு. ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்ட இயந்திரம் அது, அதனால் ஒட்டுகளைப் பற்றி அதற்கு ஓரளவு அறிவு உண்டு. பின்னொட்டை இரண்டு அடுக்கு வரை உரிக்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம்.

தமிழுக்கு இரண்டு அடுக்கு எந்த மூலைக்கு? "வீடுகளிலிருந்தும்" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு, கள், இல், இருந்து, உம். அதோடு ஒரு "தான்" சேர்த்தாலும் அது சொல்தான், "தானே" என்றாலும் சொல்தான். வினைச்சொல் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம், மேலே சொன்ன புறப்பட்டுக்கொண்டிருக்கிறாராம் ஒன்றே போதும், ஒரு முழு வாக்கியத்தையும் அது பிறர் சொல்லிக் கேட்ட செய்தி என்பதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்கிறது. இந்தக் கூட்டல்களை எல்லாம் முன்கூட்டியே விரித்து எழுதி விதிக்கோப்பில் போட்டுவிடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் கோப்பு ஊதிப் பெருக்கும், அப்போதும் ஏதாவது ஒரு சேர்க்கை விட்டுப்போகும். நம் ஆர்வலர்கள் பட்டியல் பட்டியலாகச் சேர்த்திருக்கிறார்கள், அவர்கள் உழைப்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை அந்த இரண்டடுக்கு அமைப்பில் இருக்கிறது.

சந்தி இன்னொரு கதை. "அந்தப் பையன்" என்றால் ப் வர வேண்டும், "அந்த மரம்" என்றால் எதுவும் வரக் கூடாது. அந்தப் என்பது சரியா தப்பா என்று அடுத்த சொல்லைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கருவியோ சொல்லைத் தனியாகப் பிரித்து எடுத்துத்தான் பார்க்கிறது. எனவே அந்த, அந்தக், அந்தச், அந்தத், அந்தப் ஐந்தையும் சரி என்று விட வேண்டும், அல்லது நான்கின் கீழும் கோடு போட வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் எழுதுகிறவருக்கு உதவி இல்லை. மனம், மணம், கரை, கறை போன்ற குழப்பங்களும் இதே கணக்குதான், எல்லாமே பட்டியலில் இருக்கும் சொற்கள், எதற்கும் கோடு விழாது.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்ததற்கு வருகிறேன். கோடு விழுந்த சொல்லின் மேல் வலது க்ளிக் செய்தால் "அகராதியில் சேர்" என்று ஒரு வரி வருகிறதே, அதைப் பற்றி.

முகிலன் என்ற பெயரை நான் சேர்க்கிறேன். சரி, முகிலன் என்ற வடிவத்துக்கு இனிக் கோடு இல்லை. அடுத்த வரியில் முகிலனை என்று எழுதினால் கோடு. முகிலனுக்கு, முகிலனோடு, முகிலனிடம், முகிலனின், முகிலனால், முகிலனும், முகிலன்தான், எல்லாவற்றுக்கும் கோடு. எங்கள் இலக்கணத்தில் வேற்றுமை எட்டு, அதில் ஒன்றை மட்டும் சேர்க்க ஒரு மெனு கொடுத்திருக்கிறீர்கள். தமிழில் ஒரு பெயர் எழுவாயாக மட்டும் வந்து போகாது, வாக்கியம் முழுக்க உருபுகளோடுதான் நடமாடும். என் சொந்த அகராதிக் கோப்பைத் திறந்து பார்த்தேன், ஒரே ஆளின் பெயர் பதினாலு வடிவத்தில் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு க்ளிக்காகச் சேர்த்திருக்கிறேன்.

இதற்குத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது. ஹன்ஸ்பெல்லில் ஒரு புதுச் சொல்லைச் சேர்க்கும்போது "இந்தச் சொல்லும் அந்தச் சொல்லைப் போலவே திரியும்" என்று ஒரு மாதிரிச் சொல்லைக் கொடுக்கும் வழி இருக்கிறது. முகிலன், கண்ணனைப் போல. அவ்வளவுதான், கண்ணனுக்கு எந்தெந்த ஒட்டு ஏற்குமோ அதெல்லாம் முகிலனுக்கும் ஏற்கும். லிப்ரே ஆஃபீஸ் 2018-ல், 6.0 பதிப்பில், பயனரின் சொந்த அகராதிக்கு இந்த வசதியைக் கொடுத்துவிட்டது. உங்களில் அதே இயந்திரத்தை உள்ளே வைத்திருக்கிறவர்கள் மெனுவில் அதை ஏன் திறந்துவிடவில்லை? "அகராதியில் சேர்" என்பதற்குக் கீழே "இதைப் போல என்று சேர்" என ஒரு வரி, அதில் நாலைந்து மாதிரிச் சொற்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர், பொருள், வினை என்று அந்தந்த மொழிக்காரர்கள் மாதிரிகளைத் தேர்ந்து கொடுத்துவிடுவார்கள். தமிழுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், துருக்கிக்காரர்களுக்கும் ஃபின்னிஷ்காரர்களுக்கும் மலையாளிகளுக்கும் இதே அவஸ்தை இருக்கும்.

அடுத்தது கொஞ்சம் பெரிய வேலை. ஹன்ஸ்பெல் அமைப்பு போதாது என்று கண்ட ஃபின்னிஷ்காரர்கள் வொய்க்கோ என்ற தனிப் பகுப்பாய்வியை எழுதிக்கொண்டார்கள். தமிழிலும் சொல்லைப் பகுத்துப் பார்க்கும் வாணி, சந்தி பார்க்கும் நாவி போன்ற கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த எழுதியதை வெட்டிக்கொண்டுபோய் வேறொரு பக்கத்தில் ஒட்டி, திருத்தி, மறுபடி வெட்டிக்கொண்டு வந்து ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்ய முடியும்? எழுதுகிற பெட்டிக்குள்ளேயே, உங்கள் சிவப்புக் கோட்டின் இடத்திலேயே, மொழிக்காரர்கள் எழுதிய பகுப்பாய்வி உட்கார ஒரு வாசல் வேண்டும். சொல்லோடு முன்பின் சொற்களையும் அதற்குக் கொடுங்கள், அது எங்கே பிழை என்று திருப்பிச் சொல்லட்டும். பாதுகாப்பு என்ன ஆவது என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் 2021 டிசம்பரில், 95-ஆம் பதிப்பில், ஹன்ஸ்பெல்லையே ஒரு தனிக் கூண்டுக்குள் அடைத்துவிட்டதே, அதில் ஓட்டை இருந்தாலும் வெளியே கை நீட்ட முடியாதபடி. அதே மாதிரிக் கூண்டுக்குள் எங்கள் பகுப்பாய்வியையும் ஓட விடுங்கள், நெட்வொர்க்கே இல்லாமல்.

நெட்வொர்க் இல்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "மேம்பட்ட" பிழைதிருத்தம் என்று குரோமில் ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் நாம் அடிப்பது சர்வருக்குப் போய்த்தான் திருத்தம் வரும். 2022-ல் ஒரு பாதுகாப்பு நிறுவனம் காட்டியது நினைவிருக்கும்: கடவுச்சொல் பெட்டியில் "காட்டு" என்பதை அழுத்தியதும் அது சாதாரண உரைப்பெட்டியாக மாறிவிட்டது, அந்த நொடியில் கடவுச்சொல்லும் பிழை பார்க்கக் கிளம்பிவிட்டது. பெட்டியின் வகை மாறினாலும் அது பிறந்தபோது கடவுச்சொல் பெட்டிதான் என்பதை உலாவி மறக்கக் கூடாது. நான் மொழிபெயர்ப்பதில் பாதி பிறருடைய அந்தரங்கக் காகிதம், மருத்துவ அறிக்கை, வழக்குக் கடிதம். நல்ல பிழைதிருத்தி வேண்டுமென்றால் இதையெல்லாம் எங்கோ அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள்.

கோடு சரியாகவே விழும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். "கௌரவம்" என்பதைப் பலர் க, ஒற்றைக்கொம்பு, ள என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடில் வேறு வேறு எழுத்து. கோடு விழுகிறது, வலது க்ளிக் செய்தால் பரிந்துரையில் அதே சொல் நிற்பதுபோல் இருக்கிறது. அடித்தவர் உலாவிக்குத்தான் கோளாறு என்று நினைத்து, தப்பான வடிவத்தை அகராதியில் சேர்த்துவிடுகிறார். அதற்கப்புறம் அந்தப் பிழை அவருக்கு நிரந்தரம், அந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. பரிந்துரையில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று நிறம் போட்டோ பிரித்தோ காட்டினால் போதும். 2024 தொடக்கத்தில் குரோமின் 121-ஆம் பதிப்பில் அந்தக் கோட்டின் தோற்றத்தை மாற்றும் வசதி தளம் கட்டுகிறவர்களுக்குக் கிடைத்தது. கோட்டின் நிறத்துக்குக் கிடைத்த கவனம் கோட்டின் காரணத்துக்கும் கிடைக்கட்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். அந்தப் "பெறுப்பாளர்கள்" சம்பவத்துக்குப் பிறகு ஃபயர்ஃபாக்ஸில் கோட்டை மறுபடி போட்டேன், அதே உரையை ஒட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்ததைப் பிடித்தது, தலைப்பில் இருந்ததைப் பிடிக்கவில்லை. ஒற்றை வரிப் பெட்டிகளில் பிழை பார்ப்பதில்லை என்பதுதான் அங்கே இயல்பான அமைப்பாம், மாற்ற வேண்டுமானால் உள்ளமைப்புப் பக்கத்துக்குள் தேடிப் போய், பிழை பார்ப்பதற்கான அமைப்பில் 1 என்று இருப்பதை 2 ஆக்க வேண்டும். எல்லார் கண்ணிலும் முதலில் படுவது தலைப்புதானே? அதை ஏன் விட்டுவைக்க வேண்டும்? மின்னஞ்சல் முகவரிப் பெட்டியை விடுங்கள், தலைப்பைப் பாருங்கள். அப்புறம், ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல், 100-ஆம் பதிப்பில், ஒரே பெட்டியில் பல மொழி அகராதிகளைச் சேர்த்துப் பார்க்கும் வசதி கொண்டுவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிற எங்களுக்கு அது உண்மையிலேயே பெரிய நிம்மதி, அதைச் செய்தவர்களுக்கு நன்றி.

தளங்களைக் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் எழுதும் பெட்டியில், பிழை பார்க்கலாமா என்று உலாவிக்குச் சொல்லும் ஸ்பெல்செக் பண்பை "ஃபால்ஸ்" என்று அணைத்து வைப்பதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். நிரல் எழுதும் பெட்டிக்கும் கடவுச்சொல் பெட்டிக்கும் சரி, கடிதம் எழுதும் பெட்டிக்கு எதற்கு? வலது க்ளிக்கை எடுத்துக்கொண்டு உங்கள் மெனுவைக் காட்டுவதும் அப்படித்தான், கோடு தெரிகிறது, திருத்தத்தை எட்ட முடியவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது க்ளிக் செய்தால் உலாவியின் மெனு வரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

உலாவி செய்பவர்களே, முதலில் அந்த "இதைப் போல என்று சேர்" வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கத் தமிழ் வாக்கியங்கள் வேண்டுமென்றால் நான் தட்டித் தருகிறேன், உருபேற்ற பெயர்களின் பட்டியல் வேண்டுமென்றால் என் அகராதிக் கோப்பையே அனுப்புகிறேன், முகிலனின் பதினாலு வடிவமும் அதில் தயாராக இருக்கிறது.

அன்புடன்,
நாள் முழுக்க உரைப்பெட்டிகளில் வேலை செய்யும் ஒரு மொழிபெயர்ப்பாளர்