வளைவைச் சொல்லட்டும், பொலிஸை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேகக் கேமராவையும் வீதியோரம் நிற்கும் பொலிஸாரையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கைபேசிச் செயலிகளை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஹட்டன் – நுவரெலியா வீதியில் வான் ஓட்டிப் பிழைக்கும் எனக்கு அவரது கோபம் புரிகிறது. அவர் கேட்கும் சட்டம்தான் சரியாகப்படவில்லை.

ஜெர்மனியில் அப்படியொரு தடை இருக்கிறது. மீறும் சாரதிக்கு 75 யூரோ தண்டம், பதிவில் ஒரு புள்ளி. பக்கத்தில் இருப்பவரின் கைபேசியில் செயலியை ஓடவிட்டு அதைச் சாரதி பயன்படுத்தினாலும் குற்றமே என்று கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. இதை இங்கே நடைமுறைப்படுத்துவதென்றால் வண்டிக்கு வண்டி நிறுத்திக் கைபேசியை வாங்கிப் பார்க்க வேண்டும். அதன்பின் வீதியோரத்தில் என்ன பேரம் நடக்கும் என்பதை மலையகச் சாரதிகளுக்கு விளக்கத் தேவையில்லை. தவிர, செயலி வருவதற்கு வெகு முன்பே எதிரே வரும் பஸ்காரர் முன்விளக்கை இரண்டு தடவை மின்னவிடுவார். அடுத்த ஒரு கிலோமீற்றருக்கு நாங்கள் எல்லோரும் நல்ல பிள்ளைகள். அந்த விளக்கை எந்தச் சட்டம் அணைக்கும்?

பிரான்ஸ் 2012 இல் வேறு வழி கண்டது. கேமரா இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது குற்றம். ஆனால் ‘அபாய வலயம்’ என்று எச்சரிக்கலாம். ஊருக்குள் 300 மீற்றர், ஊருக்கு வெளியே 2 கிலோமீற்றர், நெடுஞ்சாலையில் 4 கிலோமீற்றர் என்று அந்த வலயம் நீளும். உள்ளே கேமரா இருக்கலாம், வெறும் கொடிய வளைவாகவும் இருக்கலாம். சாரதிக்குத் தெரியாது; ஆகவே வலயம் முழுவதும் மெதுவாகப் போவார். குடிபோதைச் சோதனை நடக்கும் இடத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மறைக்கும்படி செயலிகளுக்கு உத்தரவிடவும் 2021 முதல் அங்கே இடமுண்டு.

எங்கள் மலைகளுக்கு இதுவே பொருந்தும். வேகம் அளக்கும் கருவிக்கு நேரான வீதித்துண்டு தேவை. பக்கவாட்டிலிருந்து பிடித்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் பொலிஸார் நிற்பது பெரும்பாலும் வீதி நேராக ஓடும் இடங்களில். உயிர் போவதோ இறக்கத்திலும் கொண்டையூசி வளைவிலும். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 இற்கும் அதிகமானோர் மாண்டார்கள். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி வருபவருக்கு, அது சூடேறிப் பிடிக்காமல் போகும்போது வேக எல்லையைச் சொல்லி என்ன பயன்? இரண்டு வளைவுக்கு முன்பே எச்சரித்திருக்க வேண்டும். இறம்பொடையில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் பெயர்ப்பலகைகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. காதில் விழும் ஒரு குரல் அங்கே பெரிய உதவி.

இதில் செயலிக்காரர்களையும் சும்மா விட முடியாது. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ் மோதி வானிலும் முச்சக்கரவண்டியிலும் வந்த ஏழு பேர் இறந்தார்கள். வழி தெரியாத கொழும்புச் சாரதிக்கு வரைபடத்தில் அது தூரம் குறைந்த பாதை, அவ்வளவுதான். செங்குத்தான இறக்கம் என்பதை வரைந்த கோடு சொல்லாது.

மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் செயலிகள் பற்றி எழுத அமைச்சு முன்வந்தால், பொலிஸார் நிற்கும் இடத்தை மறைக்கும் விதியோடு மற்றொன்றையும் சேர்க்கட்டும்: வீதி அபிவிருத்தி அதிகார சபை அடையாளம் காணும் அபாய வளைவுகளையும், கனரக வாகனங்களுக்கு மறுக்கப்பட்ட வீதிகளையும் செயலிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். ரதல்ல வீதியிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
வான் சாரதி ஒருவர்,
தலவாக்கலை.