கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீரில் யுரேனியம் கலப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதிலிருந்த இரண்டு கருத்துகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. யுரேனியம் போன்றவை கன உலோகங்கள் என்பதால் மண்ணுக்கடியில் போய்த் தங்கிவிடும் என்பது ஒன்று. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் பயமில்லை என்பது மற்றொன்று. முதலாவது தவறு. இரண்டாவது ஆபத்தான தவறு. நீர் ஆய்வகத்தில் வேதியியலாளனாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கொதித்தால் கிருமி சாகும். யுரேனியம் எங்கும் போகாது. ஆவியாவது தண்ணீர்தான். ஆகவே பாத்திரத்தில் மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அந்த அளவு கதிர்வீச்சைக் கருதி வைத்ததல்ல, சிறுநீரகத்தைத் தாக்கும் வேதி நச்சைக் கருதி வைத்தது. கட்டுரை முழுக்கக் கதிர்வீச்சையே பேசியதால் இது விடுபட்டுப்போனது.

அடுத்து, கனம். ஒரு தனிமத்தின் அணு எடைக்கும் அது மண்ணில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அது தண்ணீரில் கரையும் வடிவத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் யுரேனியம் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில், அதாவது நான்கு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கும். அப்போது அது கல்லோடு கல்லாகக் கிடக்கும். ஆக்சிஜனோ நைட்ரேட்டோ இறங்கினால் ஆறாம் நிலைக்கு மாறும். அங்கே பைகார்பனேட்டும் கால்சியமும் நிறைய இருந்துவிட்டால் அவற்றோடு சேர்ந்து மின்னூட்டமே இல்லாத சேர்மமாகிவிடும். களிமண்ணால் அதைப் பிடித்து வைக்க முடியாது. தண்ணீர் போகும் வழியெல்லாம் கூடவே போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் யுரேனியம் கரைந்திருக்கிறது. கனமானதெல்லாம் அடியில் தங்கிவிடும் என்றால் இது எப்படி நடக்கும்?

வயலுக்குப் போடும் நைட்ரஜன் உரம் நைட்ரேட்டாகிக் கீழே இறங்கி, பாறையில் இயற்கையாகவே இருந்த யுரேனியத்தைக் கரைத்துவிடலாம் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவின் பெருஞ்சமவெளி, கலிஃபோர்னிய மத்தியப் பள்ளத்தாக்கு ஆகிய இரண்டு நீர்ப்படுகைகளின் தரவுகளை ஆராய்ந்தவர்கள் 2015இல் நைட்ரேட்டுக்கும் யுரேனியத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அணு உலையோ சுரங்கமோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

யுரேனியம் சிதைந்து பிறக்கும் சேய்த் தனிமங்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு அது அப்படியே பொருந்தும். தோரியம் நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. குகைக்குள் சொட்டும் நீர் யுரேனியத்தைக் கொண்டுவரும், தோரியத்தைக் கொண்டுவராது. அதனால்தான் சுண்ணாம்புக் கூம்பில் பின்னர் சேர்ந்திருக்கும் தோரியத்தை அளந்து அதன் வயதைக் கணக்கிட முடிகிறது. ரேடியம் கால்சியத்தின் சாயலுடையது. உடலுக்குள் போனால் எலும்பைத் தேடும். யுரேனியத்துக்கு நேர்மாறாக, ஆக்சிஜன் குறைந்த நீரிலும் உப்பு நீரிலும்தான் அது மண்ணைவிட்டு எளிதில் கிளம்பும். ஆகவே ஒரு கிணற்றில் யுரேனியம் குறைவு என்று அறிக்கை வந்தால், ரேடியமும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் ஒரு வாயு. கொதிக்க வைத்தால் உண்மையிலேயே வெளியேறுவது இந்த ஒன்றுதான்; அதுவும் அறையின் காற்றுக்குள் போகும்.

யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் சுரங்கக் கழிவில், தாதுவிலிருந்த மொத்தக் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அப்படியே இருக்கும். வெளியே போனது யுரேனியம் மட்டும்; தோரியம்-230, ரேடியம்-226 எல்லாம் அந்தச் சேற்றில்தான். 1979 ஜூலை 16 அன்று அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் இப்படிப்பட்ட கழிவுக் குளத்தின் கரை உடைந்து, ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கழிவும் கோடிக்கணக்கான லிட்டர் அமில நீரும் பியூர்கோ ஆற்றில் கலந்தன. அந்த ஆற்றங்கரையில் ஆடு மேய்த்து வாழ்ந்தவர்கள் நவாஹோ பழங்குடி மக்கள். அதே ஆண்டு மார்ச்சில் நடந்த த்ரீ மைல் தீவு அணு உலை விபத்தை உலகம் இன்றும் பேசுகிறது. இதைப் பேசுவோர் மிகக் குறைவு என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

அணுகுண்டில் பயன்படும் புளூட்டோனியம் பற்றி வேதியியலாளர்களான நாங்களே ஏமாந்திருக்கிறோம். அது மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும், நகராது என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். நெவாடாவில் 1968இல் நிலத்தடியில் நடத்திய பென்ஹாம் அணுகுண்டுச் சோதனையின் புளூட்டோனியம் 1.3 கிலோமீட்டருக்கு அப்பால் கிணற்று நீரில் இருப்பது 1999இல் வெளியானது. அதன் ஐசோடோப்புகளின், அதாவது வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின் விகிதம் கைரேகைபோல அந்தச் சோதனையை அடையாளம் காட்டியது. புளூட்டோனியம் கரைந்து வரவில்லை. மிக நுண்ணிய களிமண் துகள்களில் தொற்றிக்கொண்டு, கூழ்மமாக மிதந்து வந்திருந்தது. கரைதிறனை மட்டும் வைத்துப் போட்ட கணக்குகளில் இந்தப் பயணத்துக்கு இடமே இல்லை.

இது ஆய்வகப் பழக்கத்தையும் தொடுகிறது. 0.45 மைக்ரான் வடிதாளில் இறங்கியதையெல்லாம் 'கரைந்தது' என்று எழுதுவது எங்கள் வழக்கம். கூழ்மத்தில் பெரும்பகுதி அந்தத் தாளில் இறங்கிவிடும். பெரிய துகள்கள் தங்கிவிடும். உலோகத்துக்கு எடுக்கும் மாதிரியில் களத்திலேயே நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால், உலோகத்தில் ஒரு பங்கு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்துக்கு வந்து சேரும் எண் குறைந்துவிடும். அமிலம் சேர்க்காமல் வந்த புட்டிகளை நான் திருப்பி அனுப்பிப் பலரின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன். ஒரு குடும்பம் அந்த எண்ணை நம்பித்தான் தண்ணீர் குடிக்கப்போகிறது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'கதிரியக்கத்தைத் தின்னும் பாக்டீரியா' என்று இருந்தது. எந்த உயிரியும் கதிரியக்கத்தைத் தின்று தீர்ப்பதில்லை. யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். பாக்டீரியாவால் அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க முடியாது. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் செய்வது வேறு. அவை யுரேனியத்துக்கு எலெக்ட்ரான் கொடுத்து, கரையும் ஆறாம் நிலையிலிருந்து கரையாத நான்காம் நிலைக்கு மாற்றுகின்றன. கொலராடோவின் ரைஃபிளில் நிலத்தடிக்கு இவற்றின் உணவான அசிட்டேட்டைச் செலுத்தி வளர்த்தபோது நீரில் யுரேனியம் குறைந்தது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் யுரேனியம் அதே மண்ணில்தான் இருக்கிறது. நீர்மட்டம் இறங்கிக் காற்று புகுந்தாலோ நைட்ரேட் வந்தாலோ அது மறுபடியும் கரையத் தொடங்கும். இப்படிச் சுத்தம் செய்த இடத்தை ஒருமுறை அளந்துவிட்டுக் கோப்பை மூடிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி இதுபற்றி எழுதும்போது யுரேனிய அளவோடு அந்த நீரின் நைட்ரேட், பைகார்பனேட், கரைந்த ஆக்சிஜன் அளவுகளையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எந்த மாதம் எடுத்த மாதிரி என்பதும் வேண்டும். அதற்கு முன், அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கொதிக்க வைப்பதால் யுரேனியம் நீங்காது. எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையாலும் அயனிப் பரிமாற்றப் பிசினாலும் நீக்கலாம். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அது வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர் ஆய்வக வேதியியலாளர்