நீ கை தூக்கிய நாள்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுப்பு பாதி முடிந்திருக்கிறது. பாமணியாற்றங்கரை வயலில் முந்தாநாள்தான் மெஷின் இறங்கியது. நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழே வரட்டும் என்று களத்தில் காயப் போட்டிருக்கிறோம். பனி அதிகம், வெயில் ஏற ஒன்பது மணி ஆகிவிடுகிறது.

இதைப் போனிலேயே சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், சொல்ல வந்தது போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் என்னிடம் பேசும்போது, "அடுத்த சீசன் ஹாக்கி வேண்டாம்னு இருக்கேன் தாத்தா, அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான். சொல்லாதே என்றதைச் சொல்கிறேன். அவன் என்னை மன்னிக்கட்டும். ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. போன மார்கழியில் கனடாவில் உங்களோடு இருந்தபோது பார்த்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அன்று சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். ஐஸ் அரங்கத்துக்குள் மருமகள் கொடுத்த இரண்டு கம்பளியும் போதவில்லை. முப்பத்து நாலு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவனுக்கு அந்த ஆட்டம் பெரிய ஆச்சரியம். காலில் கத்தி, கையில் மட்டை, சுற்றிலும் பலகைச் சுவர். பக் என்கிற அந்தக் கெட்டி ரப்பர் வில்லையைச் சின்னவன் என் உள்ளங்கையில் வைத்தான். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம், கல் மாதிரி. அவன் வயதுப் பிரிவில் உடம்பால் மோதக் கூடாது என்று 2013-லேயே கனடாவில் விதி கொண்டுவந்துவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். அங்கே சில பிள்ளைகளின் சட்டை முதுகில் சிவப்பாக ஒரு 'ஸ்டாப்' அடையாளம் தைத்திருந்தது. பின்னாலிருந்து தள்ளாதே என்று அர்த்தமாம். தள்ளினால் தலை பலகையில் போய் மோதும், கழுத்தே போய்விடும். முதுகில் அப்படி எழுதித் தைக்க வேண்டிய ஆட்டத்தில் நடுவரின் விசில்தான் பிள்ளைகளுக்குக் காவல். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பீரியடில் சின்னவனுக்கு இரண்டு நிமிஷம் தண்டனை கொடுத்தார்கள். எதிரணிப் பையனின் காலை மட்டையால் தட்டிவிட்டான் என்று. நீ கண்ணாடித் தடுப்பில் கையால் அடித்து அடித்துக் கத்தினாய். யாரைப் பார்த்து? பதினைந்து பதினாறு வயதுப் பெண் பிள்ளை. கையில் பச்சைப் பட்டை கட்டியிருந்தது. பதினெட்டு வயது ஆகாத நடுவர்கள் அதைக் கட்டுவார்கள், இதுவும் ஒரு பிள்ளைதான் என்று பெரியவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று. இதைச் சின்னவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். நீ கத்தும்போது அந்தப் பெண் உன் பக்கம் திரும்பவே இல்லை. விசிலை மட்டும் வாயிலிருந்து எடுத்துக் கையுறையில் துடைத்தாள், திரும்ப வைத்தாள், திரும்ப எடுத்துத் துடைத்தாள்.

எனக்கு அந்தத் துடைப்பு தெரியும். ஒரு பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் சடுகுடு ஆட்டத்துக்கு நடுவராகப் போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு பையனை அவுட் கொடுத்தேன் என்று அவன் அப்பா வந்து என் கழுத்தில் கிடந்த விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுத்த தடம் ஆற ஒரு வாரம் ஆனது. அது கிடக்கட்டும். அந்தப் பையன் ஓடிவந்து, "வாங்கப்பா, வாங்கப்பா" என்று அப்பா இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதானே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சின்னவன் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்திருந்த இரண்டு நிமிஷமும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக வந்து கை கொடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு அழகான வழக்கம் அது! சின்னவன் எல்லோருக்கும் கொடுத்தான். விழுந்த அந்தப் பையன் எதிரே வந்ததும் கையை இழுத்துக்கொண்டு குனிந்துவிட்டான். அது அவன் சுபாவம் இல்லை தம்பி. சற்று முன்னால் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

காரில் வீடு வரும்வரை நீ அந்தத் தீர்ப்பைப் பற்றியே பேசினாய். நானும் அவனும் பின் சீட்டில். தலைமுடி வேர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. என் காதோடு வந்து சொன்னான், "தாத்தா, நான்தான் தட்டிவிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் எதற்கு என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதைவிடப் பழைய தப்பு ஒன்றும் இருக்கிறது, நீ மறந்திருக்க மாட்டாய்.

உனக்கு அப்போது பதிமூன்று வயது. மன்னார்குடியில் ஜோனல் சடுகுடு போட்டி. கடைசி நிமிஷம், ஆட்டம் சமம். எதிரணியிலிருந்து பாடி வந்த பையன் திரும்பி ஓடிவிட்டான். யாரையும் தொடவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நடுவரும் கை விரித்துவிட்டார். நீ மட்டும் முழங்கையைக் காட்டி, கையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாய். ஒரு புள்ளியில் தோற்றோம். உன் மாஸ்டரும் நான், அப்பாவும் நான். பஸ் ஸ்டாண்டில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். உன்னை என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் நீ சடுகுடு மைதானத்துப் பக்கமே வரவில்லை. படிப்பில் புத்தி போய்விட்டது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

சின்னவன் அறைச் சுவரில் ஐஸ் ஹாக்கி வீரர் கிரெட்ஸ்கி படம் ஒட்டி வைத்திருக்கிறானே, அவர் எத்தனை கோல் போட்டார் என்று எனக்கு மனப்பாடமாகச் சொன்னான். ஒழுங்கான ஆட்டத்துக்கென்று 1925-லிருந்து கொடுக்கும் லேடி பிங் கோப்பையையும் அவர் 5 முறை வாங்கியிருக்கிறார். அதை நீ அவனுக்குச் சொல். நான் சொல்வதைவிட நீ சொன்னால் அவன் கேட்பான்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், செய்வாயா? அந்தப் பெண் மறுபடி நடுவராக வந்தால், ஆட்டம் முடிந்ததும் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா. சின்னவனையும் கூட்டிக்கொண்டு போ. திரும்பும்போது காரில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் பேசாதே. பசிக்கிறதா என்று மட்டும் கேள்.

அம்மா வடகமும் புளியோதரைப் பொடியும் பார்சல் போட்டிருக்கிறாள், பத்து நாளில் வரும்.

தம்பி, அன்றைக்கு மன்னார்குடியில் நீ கை தூக்கியது சரி. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா