மாமாவையும் பாப்பாவையும் அனுப்பும் முன்

விக்டோரியா, கனடா, நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் மாமா வாங்கிக்கொள்கிறார், நடுவில் பாப்பா புகுந்துவிடுகிறாள். உனக்குச் சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கேட்டது ஒரே கேள்வி: மாமாவும் பாப்பாவும் அடுத்த கோடையில் இங்கே வந்து என்னோடு நடக்கப்போகிற கடற்கரைப் பாதை 75 கிலோமீட்டர்தானே, அதற்கு எட்டு நாள் எதற்கு? தினமும் அல்சூர் ஏரியைச் சுற்றி வருகிற மனுஷர் நாலு நாளில் முடித்துவிட மாட்டாரா?

மாட்டார், அக்கா. இங்கே பிறந்து வளர்ந்து மலையேறுகிறவர்களே ஆறிலிருந்து எட்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். கால் வலு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பாதையில் எப்போது நடக்கலாம், எப்போது உட்கார வேண்டும் என்பதைக் கடல்தான் சொல்கிறது.

வான்கூவர் தீவின் தென்மேற்கு ஓரத்தில், பசிபிக் கடலைப் பார்த்தபடி ஓடுகிற பாதை இது. பெயர் வெஸ்ட் கோஸ்ட் டிரெயில். வடக்கு முனையில் பாம்ஃபீல்ட் பக்கத்தில் பச்சீனா விரிகுடா, தெற்கு முனையில் போர்ட் ரென்ஃப்ரூ பக்கத்தில் கோர்டன் ஆறு. நடுவில் ஊர் இல்லை, சாலை இல்லை, போனில் சிக்னலும் இல்லை. எட்டு நாள் சாப்பாட்டையும் கூடாரத்தையும் அவரவர் முதுகில்தான் சுமக்க வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மட்டும் திறந்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள், ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. கிளம்பும் முன் பூங்கா ஊழியர்கள் நடத்துகிற வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

பொழுதுபோக்குக்காக வெட்டிய பாதை இல்லை. 1906 ஜனவரியில் வலென்சியா என்ற பயணிகள் கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வரும்போது மோசமான வானிலையில் வழி தவறி, பச்சீனா முனைக்குப் பக்கத்துப் பாறையில் மோதியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் கரையிலிருந்து உதவிக்குப் போகச் சரியான வழி இல்லை. அதற்குப் பிறகுதான் பழைய தந்திக் கம்பி ஓடிய தடத்தை அகலப்படுத்தி, கரையேறியவர்கள் பிழைத்துக்கொள்ள இதை அமைத்தார்கள். அதற்கும் முன்னால், எத்தனையோ தலைமுறையாக, ஹூ-ஏ-ஆட், டிட்டிடாட், பச்சீடாட் என்ற பூர்வகுடி மக்களின் கரை இது. இன்றும் அந்த மூன்று இனத்துப் பிள்ளைகள்தான் காவலர்களாக ஏணிகளையும் பாலங்களையும் பழுது பார்க்கிறார்கள். அவர்களுடைய நிலத்தில் ‘நுழையாதே’ என்று பலகை இருந்தால் நாம் நுழைவதில்லை. பாப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வை, போட்டோ எடுக்க ஓடுவாள்.

இனி கடல் விஷயம். நமக்குத் தெரிந்த கடல் மெரினாவும் கோகர்ணமும். மெரினாவில் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான், யாரும் கவனிப்பதே இல்லை. இங்கே அது மூன்று மீட்டருக்கு மேல் போகும். ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வடியும், இரண்டும் ஒரே அளவில் இருக்காது. காலையில் அகலமாகக் கிடந்த மணல் மத்தியானம் காணாமல் போய், பின்னால் செங்குத்துப் பாறை மட்டும் நிற்கும். ஓவன் முனை என்று ஒரு இடம், அங்கே கடல் குடைந்த குகைகள் இருக்கின்றன. தண்ணீர் மட்டம் 1.8 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் அதைத் தாண்டலாம். அதற்கு மேல் இருந்தால் காட்டு வழியில் வேர்களையும் சேற்றையும் மிதித்துக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டுக் கடற்கரையில் இறங்கியவர்கள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொள்வார்கள்.

அதனால் தேதியை என் லீவு பார்த்து வைக்கவில்லை, அமாவாசை பார்த்து வைத்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வடியும். கோடையில் இந்தக் கரையில் அந்தப் பெரிய வடிதல் காலை வேளையில் வருகிறது. ஓவன் முனைக்கு நாம் போவது ஏழாம் நாள். அந்த நாள் அமாவாசையை ஒட்டி விழுந்தால், விடியற்காலையில் கிளம்பி, தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் தாண்டிவிடலாம். ஆடி அமாவாசைக்கு மாமா வீட்டில் இருந்து தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆனி அமாவாசையைக் கணக்கு வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நாளைக் குறித்தேன். வீட்டுக் காலண்டரில் நீயும் ஒரு தடவை பார்த்துவிடு.

வடக்கிலிருந்து தெற்கே போகலாம் என்பது என் முடிவு. வடக்குப் பாதி ஓரளவு சமம், நிறைய மணல். தெற்குப் பாதியில்தான் ஏணிகள். மொத்தம் நூற்றுக்கு மேல் ஏணிகள் இருக்கின்றன, லோகன், கல்லைட் ஓடைகளில் ஏணி முடிந்த இடத்தில் இன்னொரு ஏணி தொடங்கும். மூட்டை கனமாக இருக்கிற முதல் நாட்களில் எளிதான பகுதி, தின்று தின்று மூட்டை குறைந்த பிறகு கடினமான பகுதி. முதல் இரவு 12-வது கிலோமீட்டரில் மிச்சிகன் ஓடை. இரண்டாவது 25-ல் சூசியட் அருவி, அது மணலிலேயே வந்து விழுகிறது, பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்றாம் நாள் நிட்டினாட் கழிமுகத்தைப் படகில் தாண்டி 42-ல் கிரிப்ஸ் ஓடை. அப்புறம் வால்பிரன், 53. அதற்குப் பிறகு தூரத்தைக் கவனி: 58-ல் கல்லைட், 62-ல் கேம்பர். ஒரு முழு நாளைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். 70-ல் திராஷர் கோவ், கடைசி நாள் கோர்டன் ஆறு. எட்டு நாள் எங்கே போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சில ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. கம்பியில் தொங்குகிற ஒரு பெட்டியில் இரண்டு பேர் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்து அக்கரை போக வேண்டும். கடைசியில் தோள்தான் வலிக்கும். மாமா இடுப்புக்குக் கீழே மட்டும் பயிற்சி செய்தால் போதாது.

எங்கள் குழுவில் ஆறு பேர். நான், மாமா, பாப்பா, என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற இந்த ஊர்ப் பெண்மணி ஒருவர், யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் வீட்டுக்காரரும். ஊர்ப் பெண்மணி ஏற்கெனவே இந்தப் பாதையை நடந்து முடித்தவர். யாழ்ப்பாணத்து அண்ணன் பருத்தித்துறைப் பக்கம் கடலோடு வளர்ந்தவர். நான் இந்த ஊருக்கு வந்து ஒருவரையும் தெரியாமல் இருந்த மழைக்காலத்தில், தீபாவளிக்கு என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டவர்கள் அவர்கள்தான். ‘கடலுக்கு முதுகைக் காட்டாதேங்கோ’ என்பார் அண்ணன். மணலில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றும்போதுகூட கடலைப் பார்த்துத்தான் உட்காருவார். 2004 சுனாமியை நேரில் பார்த்தவர். இந்தக் கரையிலும் அந்தப் பயம் உண்டு. 1700 ஜனவரி 26 இரவு வந்த பெரிய பூகம்பத்தில் பச்சீனா விரிகுடாவில் இருந்த ஊரையே கடல் கொண்டுபோனதை ஹூ-ஏ-ஆட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நாம் நடக்கத் தொடங்குகிற இடமே அதுதான். தரை அதிர்ந்தால் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும், மூட்டை போனால் போகிறது. இதைக் குழுவில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் பேசி வைத்திருக்கிறோம். மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால் போவார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். யாராவது ‘இன்றைக்குப் போதும்’ என்றால் அதற்கு மேல் பேச்சு இல்லை, கூடாரத்தைப் போட்டுவிடுவோம். அதற்காக ஒரு நாள் சாப்பாடு கூடுதலாகவே வரும். மூன்றாம் நாள் நிட்டினாட்டில் எல்லோரும் உட்கார்ந்து யோசிப்போம். அங்கிருந்து படகில் வெளியேற வழி இருக்கிறது. மாமாவின் முட்டி வீங்கியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுவோம், ஆறு பேரும் சேர்ந்து. ‘நீங்கள் போங்கள், நான் காத்திருக்கிறேன்’ என்று மாமா சொல்வார், அவர் குணம் உனக்குத் தெரியாதா? அதை நாங்கள் கேட்கப்போவதில்லை. குமார பர்வதத்தில் வலியை மறைத்துக்கொண்டு இறங்கினாரே, அந்த வேலை இங்கே வேண்டாம் என்று நீ சொன்னால்தான் கேட்பார்.

மழையைப் பற்றியும் கேட்டாய். இந்தக் கரையில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது பெங்களூர் மழையைப் போல மூன்று மடங்கு. கோடையில் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. குளிர்ந்த மழையில் நனைந்து, காற்றும் அடித்தால், ஜூலையிலும் உடம்பு சில்லிட்டுப் போய் ஆபத்தாகிவிடும். அதனால் பருத்தித் துணி எதுவும் வேண்டாம். பனியனும் சேர்த்துத்தான். கம்பளி நூல், அல்லது ஈரம் சீக்கிரம் உலர்கிற செயற்கைத் துணி. தூங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு செட் தனியாக, தண்ணீர் புகாத பைக்குள்.

சாப்பாடு என் பொறுப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குள் அடக்கப் பார்க்கிறேன். காலையில் வறுத்த ரவையில் கலந்து வைத்த உப்புமா, மத்தியானம் அவலும் கடலை மிட்டாயும், ராத்திரிக்குச் சோறும் பருப்புப் பொடியும் ரசமும். நீ செய்கிற புளிக்காய்ச்சல் இருந்தால் போதும், நாலு ராத்திரி ஓடிவிடும். கரடி, கூகர் என்கிற மலைச்சிங்கம், ஓநாய் எல்லாம் உள்ள காடு. ஆகவே பற்பசை உட்பட வாசனை வருகிற எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, முகாம்களில் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் பூட்டிவிட வேண்டும். தண்ணீருக்கு ஓடைதான், வடிகட்டிக் குடிப்போம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி ஒன்று என் தோள்பட்டையில் இருக்கும். தினமும் சாயங்காலம், அதாவது உனக்கு மறுநாள் காலையில், ஒரு வரி வரும். ஒரு நாள் வராவிட்டாலும் பயப்படாதே, அடர்ந்த மரங்கள் மறைத்தால் தாமதமாகும்.

நீ செய்ய வேண்டியது இது. மாமாவை முட்டி டாக்டரிடம் கூட்டிப்போ. பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு ஏணி ஏறலாமா என்று நேராகக் கேள், ‘வாக்கிங் போகலாமா’ என்று கேட்டால் எல்லா டாக்டரும் போகலாம் என்றுதான் சொல்வார்கள். சரி என்றால், அடுத்த வாரமே பூட்ஸ் வாங்கட்டும், கணுக்காலை மூடுகிற மாதிரி. சுமையைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒரு தடவை நந்தி மலைப் படிகளை ஏறி இறங்கட்டும், மாதம் ஒரு தடவை பாப்பாவோடு சாவனதுர்கா. இறங்குவதுதான் முக்கியம். மழை பெய்தாலும் போகட்டும். விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும், இன்ஷூரன்ஸில் மலைநடை சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு.

முன்பதிவு ஜனவரியில் திறக்கும், நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும். மார்கழி பாதிக்குள் டாக்டர் சொன்னதை எனக்கு அப்படியே எழுது. வேண்டாம் என்றால், மாமாவும் நீயும் சேர்ந்து வாருங்கள். நாங்கள் போய் வருகிற வரை நீங்கள் இருவரும் என் வீட்டில் இருக்கலாம், கடைசி நாள் போர்ட் ரென்ஃப்ரூவில் எங்களை வந்து அழைத்துக்கொள்ளலாம், இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துச் சாலை. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது சுனாமி, கரடி வருகிற இடங்களை மட்டும் விட்டுவிடு.

அன்புடன்,
உன் தங்கை