ஏக்கல வானொலி ஒலிபரப்பு நிலையம் தொடர்பாக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைவர், பணிப்பாளர் நாயகம் மற்றும் பொறியியற் பிரிவின் அதிகாரிகள் ஆகியோருக்கு,

கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிய 1925 டிசம்பர் 16ஆம் திகதியிலிருந்து நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இந்த நூற்றாண்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அறிவிப்பாளர்களைப் பற்றியே பேசுகிறார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று தமிழ்நாட்டு நேயர்களும் இன்றுவரை பெயர் சொல்லி நினைவுகூரும் குரல்கள் அவை. அதில் குறை காண ஒன்றுமில்லை. எனினும் கலையகத்தில் பேசப்பட்டதைக் கடல் கடந்து கொண்டுசேர்த்தவை கம்பங்களும் கம்பிகளும் அவற்றைக் கண்விழித்துக் காத்த தொழில்நுட்பவியலாளர்களுமே. கலையக நிகழ்ச்சிகளை வான்வெளியில் பரப்பிய ஏக்கல ஒலிபரப்பு நிலையத்தின் நிலம், அன்டெனா, கருவி, பதிவேடு ஆகிய நான்கையும் பிரிக்கமுடியாத ஒன்றாகக் கருதிப் பாதுகாக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பழைய ஒலிவாங்கி ஒன்றையும் இரண்டு வால்வுகளையும் (பழைய வானொலிக் கருவிகளின் வெற்றிடக் குழாய்கள்) கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதற்கு அருங்காட்சியகம் என்று பெயரிடுவது இந்த வரலாற்றுக்குப் போதாது.

ஏன் போதாது என்பதை விளக்க, நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு நெட்டலை (லாங் வேவ்) நிலையத்தைத் துணைக்கு அழைக்கிறேன். சுவீடனின் கிரிமெட்டன் நிலையமும் 1925ஆம் ஆண்டில்தான், ஜூலை 2ஆம் திகதி, திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்காவுடன் கடலடிக் கம்பியை நம்பியிராமல் தந்தித் தொடர்பு கொள்வதே அதன் நோக்கம். அங்குள்ள 200 கிலோவாட் கருவியில் வால்வே கிடையாது. பொறியியலாளர் ஏர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வடிவமைத்த அந்த இயந்திரம் உண்மையில் ஒரு மின்பிறப்பாக்கி. விளிம்பில் 488 காடிகள் வெட்டப்பட்ட உருக்குத் தட்டு நிமிடத்துக்கு 2,115 தடவை சுழலும்போது, காடிகளின் எண்ணிக்கையைச் செக்கனுக்கான சுழற்சியால் பெருக்கினால் கிடைக்கும் 17.2 கிலோஹேட்ஸ் என்பதே அந்த நிலையத்தின் அதிர்வெண். அதாவது, அலைவரிசையைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் வேகம். வேகம் சிறிது பிசகினாலும் அலைவரிசை பிசகிவிடும்.

17.2 கிலோஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ பதினேழரைக் கிலோமீற்றர். அங்குள்ள ஆறு கோபுரங்களோ ஒவ்வொன்றும் 127 மீற்றர் உயரமே கொண்டவை. அலைநீளத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு குட்டையான அன்டெனாவுக்குக் கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல், நிலத்தினூடாகத் திரும்பும் மின்னோட்டத்தால் வெப்பமாக வீணாகிவிடும். கோபுரங்களுக்கு மேலே சுமார் இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பிகளைக் கிடையாக இழுத்து, அவற்றை ஒரே இடத்தில் அன்றி ஒவ்வொரு கோபுரத்தடியிலும் தனித்தனிச் சுருள்களின் வழியே பூமியுடன் இணைத்ததுதான் அலெக்சாண்டர்சனின் சாமர்த்தியம். மின்னோட்டம் பல இடங்களில் பகிர்ந்து இறங்கியதால் நிலத்தில் ஏற்படும் இழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆகவே அந்த நிலையத்தின் பொறியியலில் பாதி கட்டடத்துக்கு வெளியே, புல்வெளியிலும் அதற்கு அடியிலுமே இருக்கிறது. 2004இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இயந்திரத்தோடு கோபுர வரிசையும் சேர்ந்தே ஏற்கப்பட்டது. நத்தாருக்கு முந்தைய நாளில் இன்றும் அங்கிருந்து மோர்ஸ் குறியீட்டில் செய்தி அனுப்பப்படுவதையும், உலகெங்குமுள்ள வானொலி ஆர்வலர்கள் அதைக் கேட்டு அறிக்கை அனுப்புவதையும் தங்கள் பொறியியலாளர்கள் அறிவார்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. அயர்லாந்தின் 252 கிலோஹேட்ஸ் நெட்டலைச் சேவை 2023 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையிலேயே கிளார்க்ஸ்டவுனில் நின்ற 248 மீற்றர் கம்பம் வீழ்த்தப்பட்டது. பயன்பாடு முடிந்ததற்கும் கம்பம் மண்ணில் சாய்ந்ததற்கும் இடையில் நான்கு மாதமும் இல்லை. பராமரிப்புச் செலவையும் பாதுகாப்பையும் கருதினால் அந்த முடிவை நான் குறைகூறமாட்டேன். ஆனால் ஒரு நிலையம் நின்ற இடத்தை அளந்து பதிவுசெய்யக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு குறுகியது என்பதை அது காட்டுகிறது.

நெட்டலை ஒலிபரப்பு நம் நாட்டில் வேரூன்றாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெப்பமண்டல இடிமின்னலின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் மிகக் கடுமையாக இருக்கும். சர்வதேச அலைவரிசைப் பங்கீட்டிலும் நெட்டலை ஒலிபரப்பு ஐரோப்பா, ஆபிரிக்கா அடங்கிய முதலாம் வலயத்துக்கே உரியது, நாமோ மூன்றாம் வலயத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே நம்முடைய பெருமை சிற்றலையில் எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் இருந்த நேசநாட்டுப் படையினருக்காக நடத்தப்பட்ட ‘ரேடியோ சீக்’ நிலையத்துக்காக ஏக்கலயில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைக் கருவி, 1949இல் பிறந்த ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது அந்த இடத்தை ரேடியோ சிலோன் நிரப்பிய கதை எல்லோரும் அறிந்ததே. ஆனால் படையினருக்காக அமைக்கப்பட்ட அவ்வளவு வலிய கருவி கையில் இருந்திராவிட்டால் அந்த வாய்ப்பை இலங்கை பயன்படுத்தியிருக்க முடியாது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

சிற்றலையிலும் நிலமே சான்று. 25 மீற்றர் அலைக்கு அரை அலைநீள இருமுனையம் (டைபோல் அன்டெனா) ஏறத்தாழ பன்னிரண்டரை மீற்றர்தான். அத்தகைய பலவற்றை வரிசையாகத் தொங்கவிட்டு, ஆற்றலை விரும்பிய திக்கில் குவிக்கலாம். அலை எத்தனை பாகையில் மேலெழுந்து மேல்வளியின் மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டு எங்கே இறங்கும் என்பதைக் கம்பியின் உயரமும் நோக்கும் திசையும் தீர்மானிக்கின்றன. எனவே ஒரு நிலையத்தின் கம்பங்கள் எந்தத் திசைகோணத்தில் நடப்பட்டன என்பதே, அந்த நாடு எந்தக் காலத்தில் யாரிடம் பேச விரும்பியது என்பதற்கான ஆவணம். கம்பங்களைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்ட பிறகு, கருவியை எவ்வளவு துடைத்து வைத்தாலும் அந்தச் செய்தியை அதிலிருந்து படிக்கமுடியாது.

எந்தக் கருவியை எப்போது நிறுத்துவது, எந்தக் காணியை எதற்குப் பயன்படுத்துவது என்பவை தங்கள் நிருவாகத்தின் முடிவுகள். நான் கேட்பது அதற்கு முந்திய ஒரு வேலையை. ஏக்கலயில் எதை அகற்றுவதானாலும், அதற்கு முன்னர் கம்பங்களின் இருப்பிடம், உயரம், திசைகோணம், கருவியிலிருந்து அன்டெனாவுக்கு ஊட்டுக்கம்பிகள் சென்ற வழி, புதைக்கப்பட்ட செப்புக் கம்பிகள் ஆகியவற்றை அளந்து வரைபடமாக்க வேண்டும். பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்களுக்கு இது நல்லதொரு களப்பயிற்சியாகவும் அமையும், செலவும் அதிகமாகாது. மின்சுற்றுப் படங்களையும் நாளாந்தப் பதிவேடுகளையும் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்கலாம். பதிவேட்டில் மின்னழுத்தமும் மின்னோட்டமும்தானே இருக்கும் என்று அவற்றைக் கழித்துவிட வேண்டாம். எந்த இரவில் எந்தக் கருவி பழுதானது, எதைக் கழற்றி எதில் பொருத்திச் சமாளித்தார்கள் என்பவையும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

பழைய கருவிகளுள் ஒன்றையேனும் தாழ்ந்த வலுவில் இயங்கும் நிலையில் வைத்திருந்து, ஆண்டுதோறும் டிசம்பர் 16ஆம் திகதி ஒரு மணிநேரம் மும்மொழியிலும் ஒலிபரப்பலாம் என்பது என் ஆசை. உதிரிப்பாகங்களும் மின்கட்டணமும் அதற்கு இடமளிக்காவிட்டால், அதைப் பிற்போடலாம். பிற்போட முடியாதது ஒன்று உண்டு: வால்வுக் கருவிகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிப்பதிவு செய்ய வேண்டிய கலையகங்கள் சுதந்திர சதுக்கத்தில் தங்களிடமே இருக்கின்றன. ஓய்வூதியப் பட்டியலைக் கொண்டு அவர்களைத் தேடி அழைக்கும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் இவ்வாண்டிலேயே ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வானொலி நேயர்