ஓட்டுச் சீட்டில் மக்வாயர் பெயர் வேண்டாம்

சேலத்தில் கூடி ஃபுட்பால் மேட்ச் பார்க்கும், இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்களுக்கு,

அண்ணன்களே, தம்பிகளே, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில் இறங்கி வரும் மாப்பிள்ளைகளே, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேர்லாண்ட்ஸ் மாடியில் நடக்கப்போகும் ஓட்டெடுப்புக்கான பட்டியல் என் கைக்கும் வந்தது. "நம்ம கிளப் காசு கொடுத்து வாங்கியதிலேயே படுமோசமான ஆள், கொஞ்சம்கூட அக்கறையே இல்லாத ஆள் யார்?" என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்கள். ஓட்டு நடக்கட்டும், நானும் வருகிறேன். ஆனால் தலைப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. மோசமாக ஆடியவனும் அக்கறை இல்லாதவனும் ஒரே ஆள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். முயன்று தோற்றவனுக்கும் முயலவே முயலாதவனுக்கும் ஒரே சீட்டா? நேரில் பேசினால் சத்தத்தில் எடுபடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஹாரி மக்வாயர். பட்டியலில் முதல் பெயரே அவர்தான். 2019-ல் லெஸ்டர் கிளப்பிடமிருந்து 8 கோடி பவுண்டுக்கு வந்தார். அன்றைக்கு உலகத்திலேயே அதிக விலை போன டிஃபென்டர். இவர் திரும்புவதற்குள் எதிர் டீம் ஸ்ட்ரைக்கர் போய்விடுவான், ஒத்துக்கொள்கிறேன். அவரை வைத்துச் சிரிக்காதவர்கள் இல்லை. 2022-ல் கானா நாட்டு நாடாளுமன்றத்தில்கூட ஓர் எம்.பி. தங்கள் துணை அதிபரை மக்வாயரோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்தார். அடுத்த வருடம் கேப்டன் பட்டையைக் கழற்றி வாங்கினார்கள். வெஸ்ட் ஹாம் வாங்கத் தயாராக இருந்தது, பேரம் படியவில்லை. வேறு ஒருவராக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சம்பளம் எண்ணியிருப்பார். இவர் கூப்பிட்ட அன்றைக்கு வந்து பந்தைத் தலையால் முட்டினார். 2023 நவம்பரில் பிரீமியர் லீக்கின் அந்த மாதச் சிறந்த வீரர் அவர்தான். அதே மாதம் கானா எம்.பி. அதே சபையில் எழுந்து மக்வாயரிடம் மன்னிப்பும் கேட்டார். சபையில் கேலி செய்தவரே திருத்திக்கொண்டார், நம் ஐந்து ரோட்டுக்காரர்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

பிரான்ஸ் கிளப் லியோனோடு ஆடிய மேட்ச் நினைவிருக்கிறதா? 2025 ஏப்ரல், நமக்கு விடிந்தால் புனித வெள்ளி. விடுமுறை என்பதால் மாடி நிறைந்திருந்தது. 2-0 என்று ஜாலியாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் 2-2 ஆகி, எக்ஸ்ட்ரா டைமில் 2-4 ஆனது. அவர்கள் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள், அதிலும் இந்தக் கதி. அப்போது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். புரூனோ பெனால்டி, பிறகு மைனூ, 121-வது நிமிடத்தில் மக்வாயரின் தலை. 5-4. மேலே ஸ்ட்ரைக்கராக ஏற்றி விடப்பட்டிருந்த ஒரு டிஃபென்டர் அடித்த கோல் அது. படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்ததும், கீழ்வீட்டு அம்மா விளக்கைப் போட்டதும் நடந்தது. 2025 அக்டோபரில் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 84-வது நிமிடத்தில் அவர்களுக்கு எதிராக ஜெயிக்கிற கோலும் அதே தலைதான். 2016-க்குப் பிறகு அங்கே நாம் ஜெயித்தது அதுதான் முதல் முறை. இப்படிப்பட்ட ஆளை "அக்கறை இல்லாதவர்" பட்டியலில் முதலில் போட்டவர் யாரோ, அவர் சீட்டைத் தனியாக வைத்து எண்ணுங்கள்.

வௌட் வெகோர்ஸ்ட் பெயரையும் எடுங்கள். 2023-ல் அரை சீசன் லோனில், அதாவது இரவலாக, வந்தார். லீக்கில் 17 ஆட்டம், ஒரு கோல் இல்லை. சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த மனிதர் ஓடிய ஓட்டம்! எதிர் டீம் கோல்கீப்பர் பந்தைத் தொட்டால் அங்கே இவர், நம் பெனால்டி பாக்ஸிலும் இவர். கிளப் வாங்க வேண்டியது கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர், கூட்டி வந்தது இவரை. அதில் இவர் குற்றம் என்ன?

பெபே இன்னும் பாவம். 2010-ல் சுமார் 74 லட்சம் பவுண்ட். ஆடுவதை ஒருமுறைகூடத் தன் கண்ணால் பார்க்காமல் வாங்கிய ஆள் என்று அன்றைய கோச் ஃபெர்குசனே ஒத்துக்கொண்டார். ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பையன், திடீரென்று நம் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் நிற்கிறான். ஃபல்காவோ முட்டியில் தசைநார் கிழிந்து, உலகக் கோப்பையே போன வருடத்தில் நம்மிடம் வந்தார். 29 ஆட்டம், 4 கோல். முட்டி போனவனை அக்கறை இல்லாதவன் என்று சொன்னால் நாக்கு அழுகும். டோனி வான் டி பேக்கை ஆடவே விடவில்லை, அவர் என்ன செய்வார்? உங்களில் பாதிப் பேர் பிறக்காத காலத்தில், 1999-ல், மாசிமோ டைபி என்று ஒரு கீப்பர் இருந்தார். நாலே ஆட்டம். எதிர் டீமின் லெ டிசியே அடித்த உருளைப் பந்து அவர் காலுக்கு நடுவே புகுந்து போனதை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். அப்போதும் நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோமே தவிர அவருக்கு மனசில்லை என்று யாரும் சொன்னதில்லை.

ஏஞ்சல் டி மரியா விஷயத்தில் எனக்கும் உங்களுக்கும் சண்டை வரும். 2014-ல் 5.97 கோடி பவுண்ட், அன்றைய பிரிட்டிஷ் ரெக்கார்ட். வந்த புதிதில் லெஸ்டரில் பந்தைக் கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட அந்த ஒரு கோலுக்கே டிக்கெட் காசு சரி. (அந்த மேட்சை 5-3 என்று தோற்றது வேறு கதை.) பிறகு கோச் வான் கால் அவரை விங்கில் போட்டார், நடுவில் போட்டார், முன்னால் போட்டார். 2015 தொடக்கத்தில், மனைவியும் மகளும் வீட்டில் இருக்கும்போதே கொள்ளையர்கள் கண்ணாடிக் கதவை உடைத்து நுழையப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்துக்கு அந்த ஊர் எப்படிப் பிடிக்கும்? கோடையில் அமெரிக்க டூருக்கு வந்து சேரவில்லை, பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிக்குப் போய்விட்டார். வராமல் போனது தப்புதான். ஆனால் ஓடிப்போனவன் என்று அவரை ஒரு சொல்லில் முடிக்க என்னால் ஆகாது.

நீங்கள் எல்லோரும் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். "8 கோடி பவுண்டுக்கு இதுவா?" என்று மேட்ச் முழுக்க ஒரே பாட்டு. அந்த விலையைப் போட்டது ஆடுகிறவன் இல்லை. வெள்ளி உச்சத்தில் இருக்கிற நாளில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கிவிட்டு, மறுநாள் கொலுசைத் திட்டுகிறவர் நம் ஊரில் உண்டா? 2013-ல் ஃபெல்லைனியை ஜூலை முடிவதற்குள் கேட்டிருந்தால் ஒப்பந்தப்படி 2.35 கோடி பவுண்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் அந்தத் தேதியைத் தவறவிட்டு, டிரான்ஸ்ஃபர் மூடும் கடைசி நாளில் 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். அந்த 40 லட்சம் யார் கணக்கு? ஃபெல்லைனியின் புதர் முடிக்கா எழுதுவது? ஆன்டனிக்கு 2022-ல் 9.5 கோடி யூரோ. வந்து முதல் மூன்று லீக் ஆட்டத்திலும் கோல் அடித்தார், பிறகு ஒரே சுழற்சி, ஒரே கட், ஒரே ஷாட். ஸ்பெயின் கிளப் பெட்டிஸுக்குப் போனதும் மறுபடி கால் வந்துவிட்டது. இடம் மாறியதும் ஆள் மாறினால், இருந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

நம் பக்கத்தில் டீமுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட்டிலேயே இதைப் பார்க்கிறோம். வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் இறக்குவார்கள். பாதிக் காசு முன்பணம், மீதி ஆட்டம் முடிந்து. அவனுக்கு மறுநாள் வேறு ஊரில் வேறு டீமுக்கு ஆட்டம் இருக்கும். அதனால் இங்கே காலை நீட்ட மாட்டான், பந்து போனால் பின்னால் திரும்பி ஓட மாட்டான், கையைத் தூக்கி நம் பையன்களையே திட்டுவான். கோட்டுக்கு வெளியே நிற்கிற நாம் அவனை வாய்க்கு வந்தபடி ஏசுவோம். மறுநாளும் அவனுக்கு ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்தே கூட்டி வந்த மேனேஜரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஏனென்றால் ஜெர்சி வாங்கிக் கொடுத்தது அவர்.

அக்கறை இல்லாதவன் என்று சொல்ல எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல்: பந்து பறிபோன பிறகு திரும்பி ஓடினானா? கோல், விலை, சம்பளம் எல்லாம் பிறகு.

இதில் அலெக்சிஸ் சான்செஸ் விசித்திரமான கேஸ். 2018 ஜனவரியில் மிகிதார்யனைக் கொடுத்து ஆர்சனலிடமிருந்து வாங்கினோம். பியானோ வாசிக்கிற வீடியோ, ஏழாம் நம்பர், கிளப்பிலேயே உச்ச சம்பளம். 45 ஆட்டம், 5 கோல். முதல் நாள் பயிற்சி முடிந்ததுமே "ஒப்பந்தத்தை முறித்துவிட்டு ஆர்சனலுக்கே திரும்பலாமா" என்று ஏஜென்ட்டிடம் கேட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார். மனசு இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் என் அளவுகோலில் அவர் பாஸ்! ஓடினார். குனிந்த தலையோடு, எரிச்சலோடு, பந்தை ஒவ்வொரு தடவையும் எதிராளி காலில் கொண்டுபோய்க் கொடுத்தபடியே ஓடினார். ஏமாற்றத்துக்கு என் ஓட்டு அவருக்குத்தான். அக்கறையின்மைக்கு இல்லை.

ஜேடன் சாஞ்சோ 7.3 கோடி பவுண்ட். பயிற்சியில் சரியில்லை என்று கோச் டென் ஹாக் வெளிப்படையாகச் சொன்னார், இவர் "என்னைப் பலியாடு ஆக்குகிறார்கள்" என்று 2023 செப்டம்பரில் பொதுவெளியில் பதில் எழுதினார். மன்னிப்பு கேட்கவில்லை, முதல் டீமின் பக்கமே விடவில்லை, ஜனவரியில் ஜெர்மனி கிளப் டார்ட்மண்டுக்கு லோனில் போய் அந்த சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஆடினார். இரண்டு பக்கமும் பிடிவாதம். கோச் மூடிய அறையில் சொல்லியிருக்கலாம், பையன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்கறையின்மைக்கு என் ஓட்டு பால் போக்பாவுக்கு. கல்லெறிகிறவர்கள் வரிசையில் வாருங்கள். நம் அகாடமியில் வளர்ந்து, 2012-ல் பெயருக்கு ஒரு தொகையில் இத்தாலி கிளப் யுவென்டஸுக்குப் போனார். 2016-ல் 8.9 கோடி பவுண்ட் கொடுத்துத் திரும்ப வாங்கினோம், அன்றைய உலக ரெக்கார்ட். 2022-ல் ஒரு பவுண்டுகூடக் கிடைக்காமல் மறுபடி யுவென்டஸுக்கே போனார். நடுவில் 2019-ல் "புது சவால் தேவை" என்றார். 2020 டிசம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் ஜெர்மனி கிளப் லைப்சிக்கோடு வாழ்வா சாவா ஆட்டத்துக்கு முதல் நாள், "யுனைடெட்டில் போக்பா கதை முடிந்தது" என்று அவர் ஏஜென்ட் பேட்டி கொடுத்தார். அந்த ஆட்டத்தில் தோற்று வெளியேறினோம். ஏஜென்ட் பேசினால் ஆடுகிறவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். வாயை மூடச் சொல்லலாம், அது அவர் காசில் பிழைக்கிற ஏஜென்ட்.

2018 உலகக் கோப்பை ஃபைனலில் கோல் அடித்ததும் இதே போக்பாதான். பிரான்ஸுக்கு ஆடும்போது மட்டும் தடுத்தார், திரும்பி ஓடினார், எளிதாகப் பந்தைக் கொடுத்தார். அங்கே பக்கத்தில் பந்தைப் பறித்துக் கொடுக்க காண்டே இருந்தார், நமக்கு காண்டே இல்லை என்பது நியாயமான வாதம், பாதி ஒத்துக்கொள்கிறேன். 2021-ல் லீட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு அசிஸ்ட், அதாவது கோலுக்கான கடைசிப் பாஸ், கொடுத்தாரே என்பதும் சரி. அதனால்தான் வயிறு எரிகிறது. முடியாதவன் செய்யாததை யாரும் குறை சொல்வதில்லை.

ஒப்பந்தக் காசை முழுதாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் துரோகம் என்று சிலர் சொல்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. செல்சியில் வின்ஸ்டன் போகார்ட் நாலு வருட ஒப்பந்தத்தில் ஆடியது 12 ஆட்டம். போகச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்ட காசை ஏன் விட வேண்டும் என்று அவர் போகவில்லை. ஆர்சனலில் வில்லியன் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு வருடம் ஆடி, மீதிச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். வில்லியன் பெருந்தன்மைக்காரர், சரி. அதற்காக போகார்ட் திருடர் ஆகிவிட மாட்டார். நம்மில் எத்தனை பேர் எழுதிக் கையெழுத்தான சம்பளத்தை "நான் சரியாக வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறோம்?

ஆகவே என் கோரிக்கை. சீட்டு ஒன்றை மூன்றாக்குங்கள். அதிக ஏமாற்றம் தந்தவருக்கு ஒன்று, அக்கறை இல்லாதவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று. மூன்றாவதில் முதல் பெயராக, கிளப்பை நடத்திய எட் உட்வர்டைப் போடுங்கள். 2013-லிருந்து 2022 தொடக்கம் வரை டி மரியா, சான்செஸ், போக்பா, மக்வாயர், சாஞ்சோ என்று எல்லாக் காசோலையும் அவர் காலத்தில்தான் போனது. ஆன்டனியை வாங்கியபோது அவர் இல்லை, அதற்கு அப்போதிருந்தவர்களைப் போடுங்கள். 2005-ல் கிளப்பைக் கடன் போட்டு வாங்கிய கிளேசர் குடும்பத்துக்குத் தனி வரி. 2024-ல் கிளப்பில் செலவைக் குறைக்கிறோம் என்று 250 பேர் வேலைக்கு உலை வைத்தார்கள், இந்தக் கையெழுத்து எதையும் போடாத அலுவலகத்துக்காரர்கள் அவர்கள். அந்தக் கணக்கையும் மூன்றாவது சீட்டிலேயே சேருங்கள்.

மக்வாயர், வெகோர்ஸ்ட், பெபே, ஃபல்காவோ, வான் டி பேக் ஐந்து பெயரையும் இரண்டாவது சீட்டிலிருந்து எடுத்தால்தான் நான் ஓட்டுப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மேலே மழை பெய்தால் ஏற்காட்டுக்காரர்கள் இறங்க முடியாது, அவர்கள் ஓட்டைப் போனில் வாங்கி, எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டு எண்ணுங்கள். போன தடவை மாதிரி "வராதவர்கள் ஓட்டு செல்லாது" என்று நடுராத்திரியில் புதுச் சட்டம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை, ஜன்னலோரத்து நாற்காலி