நிற்கவைக்காதீர்கள், நடக்கவிடுங்கள்: தேசிய நாள் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோடையில் வரும் தேசிய நாள் விழாக்களைத் திட்டமிட்டு நடத்தும் குழுவினருக்கும், அவ்விழாக்களுக்கு மாணவர்களை அழைத்துவரும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு வயது 19. கோடையும் என் நாடும் எனக்கு மிகவும் பிடித்தவை. இரண்டில் எது முதலில் பிடித்தது என்று கேட்டால் கோடை என்றுதான் சொல்ல வேண்டும். நாடு என்று ஒன்று இருப்பதே தெரியாத வயதில் எனக்குக் கோடை தெரிந்திருந்தது. என் நாட்டின் பெயரை இம்மடலில் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் ஒரு நாட்டின் குழுவுக்கு மட்டும் எழுதியதாகிவிடும். நான் கேட்கப்போவதோ வெயிலில் கொடியேற்றும் எல்லாருக்கும் பொருந்துவது.

பள்ளி மூடிய மறுநாள், யாரும் எழுப்பாமலேயே வழக்கத்தைவிட முன்னதாக விழித்துக்கொள்வேன். பொழுது சாய்ந்து நெடுநேரம் ஆன பிறகும், பகலெல்லாம் வெயிலில் கிடந்த கல்படியில் வெறுங்காலை வைத்தால் உள்ளங்காலில் சூடு மெல்ல ஏறும். விளையாட்டை முடிக்கச் சொல்லி வீட்டிலிருந்து குரல் வரும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். இப்படிப்பட்ட ஒரு கோடை விடுமுறையில்தான், எனக்கு ஒன்பது வயது இருக்கும், நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குடும்பத்தோடு ரயிலில் போனோம். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தேன். மண்ணின் நிறம் மாறியது, வீட்டுக்கூரைகள் மாறின, நிலையங்களில் ஏறியவர்களின் பேச்சு எனக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் போனது. ஆனால் வழியெங்கும் அரசுக் கட்டடங்களின் மேல் ஒரே கொடி பறந்தது. "இவ்வளவும் நம்முடையதா?" என்று அப்பாவிடம் கேட்டேன். நாட்டுப்பற்று என்று பின்னால் பாடப்புத்தகத்தில் படித்ததை அன்று வியர்வையோடும் ரயில் புழுதியோடும் முன்கூட்டியே தெரிந்துகொண்டேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதனால்தான் என் 14ஆம் வயதில் நடந்தது எனக்கு அவ்வளவு வலித்தது. தேசிய நாளன்று காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டோம். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. மேடைக்குப் பந்தல் இருந்தது, எங்களுக்கு இல்லை. கையில் பிடித்திருந்த காகிதக் கொடியின் குச்சியில் பூசியிருந்த சாயம் வியர்வையில் கரைந்து உள்ளங்கையில் ஒட்டியதும், கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டு, ஒலிபெருக்கியின் சொற்கள் தொலைவுக்குப் போனதும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மரத்தடியும், என் முகத்தில் யாரோ தெளித்த தண்ணீரும். கொடி ஏறியதை நான் பார்க்கவேயில்லை. எழுந்து உட்கார்ந்தபோது ஆசிரியர் ஒருவர், "நாட்டுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கக்கூட முடியவில்லையா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் அதே வெயிலில்தான் நின்றார். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த பிழையை விளக்கத்தான் இம்மடலை எழுதுகிறேன்.

மயங்கி விழுந்தது என் மனவுறுதியின் குறை அன்று. மனிதர் அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களின் சிரைகளில் தேங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி அதை இதயத்துக்கு மேலேற்றிவிடும். விறைத்து நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. வெயிலில் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கடியில் உள்ள இரத்தக்குழாய்களை விரிக்கிறது, வியர்வையாக நீரையும் இழக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து மூளைக்குப் போகும் இரத்தம் குறையும்போது ஆள் விழுகிறார்; படுத்தவுடன் இரத்தம் மூளைக்குத் திரும்புவதால் பெரும்பாலும் விரைவில் தெளிகிறார். பற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கு லண்டனில் 2023 ஜூனில் நடந்ததே போதும். அரசரின் பிறந்தநாள் அணிவகுப்புக்கான ஒத்திகையில், இளவரசர் வில்லியம் குதிரைமேல் இருந்து பார்வையிட, 30 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில், கம்பளி உடுப்பும் உயரமான கரடித்தோல் தொப்பியும் அணிந்த காவற்படை வீரர்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். நிற்பதையே தொழிலாகப் பயின்றவர்கள் விழும்போது, காலையில் ஒழுங்காகச் சாப்பிடாமல் ஓடிவந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

முன்னோர் வெயிலையும் தாங்கித்தான் விடுதலை பெற்றார்கள் என்று அன்றைய மேடையில் ஒருவர் பேசியதாகப் பின்னால் தோழிகள் சொன்னார்கள். உண்மைதான், தாங்கினார்கள். ஆனால் பிற்காலத்தார் வெயிலில் நின்று காட்ட வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்களா என்று தேடிப் பார்த்தால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின் விடுதலைத் தீர்மானம் 1776 ஜூலை 2ஆம் நாள் பிலடெல்பியாவில் நிறைவேறியது. மறுநாள் அந்த விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான ஜான் ஆடம்ஸ் தம் மனைவி அபிகேலுக்கு எழுதிய கடிதத்தில், அந்த நாளை வருங்காலத் தலைமுறைகள் அணிவகுப்போடும் விளையாட்டுகளோடும் மணியோசையோடும் சொக்கப்பனையோடும் விளக்கொளியோடும் கொண்டாட வேண்டும் என்றார். (நாளை மட்டும் தவறாகக் கணித்துவிட்டார், விடுதலைப் பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்ட ஜூலை 4தான் நிலைத்தது.) அவர் கேட்டவற்றில் பாதி, இருட்டிய பிறகு செய்ய வேண்டியவை. இன்னொரு செய்தி: அந்தப் பிரகடனத்தை எழுதியவரும் வெப்பமானியைக் கையோடு வைத்திருந்தவருமான தாமஸ் ஜெபர்சன் அந்த ஜூலை 4 அன்று பிற்பகல் 1 மணிக்குக் குறித்துவைத்த வெப்பநிலை 76 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். எங்களை நிறுத்தியது அதைவிடக் கொடிய வெயிலில் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நான் உங்கள்முன் வைக்க விரும்பும் எடுத்துக்காட்டு நார்வே. 1814ஆம் ஆண்டு ஐட்ஸ்வோல் என்னும் இடத்தில் அரசமைப்புச் சட்டம் கையொப்பமான மே 17தான் அவர்களுடைய தேசிய நாள். நாட்காட்டிப்படி கோடைக்குச் சற்று முன்னதாக வந்தாலும் அந்த மக்கள் கோடையை வரவேற்கும் மனநிலையில் இருக்கும் நாள். அன்று அங்கே முதன்மையானது படையணிவகுப்பு அன்று, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். ஒஸ்லோவில் பள்ளிவாரியாகப் பிள்ளைகள் தங்கள் இசைக்குழுக்களோடு கொடிகளை ஆட்டிக்கொண்டு அரண்மனையைக் கடந்து நடக்கிறார்கள். அரச குடும்பத்தார் மேல்மாடத்தில் நின்று, கடைசிப் பள்ளி கடந்து போகும் வரை கையசைக்கிறார்கள். எவ்வளவு எளிய மாற்றம் என்று பாருங்கள்: நிற்பவர்கள் பெரியவர்கள், நடப்பவர்கள் பிள்ளைகள். எங்கள் மைதானத்தில் இருந்த ஏற்பாட்டை அப்படியே தலைகீழாக்கினால் இதுதான் வரும். இது வெறும் விளையாட்டு விழா என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது நார்வேயை ஆக்கிரமித்தவர்கள் இந்தக் கொண்டாட்டத்தைத் தடை செய்தார்கள். பிள்ளைகள் கொடியோடு நடப்பதில் என்ன வலிமை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரான்சுக்காரர்களின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறை வீழ்ந்ததன் முதலாம் ஆண்டு நிறைவை 1790 ஜூலை 14 அன்று பாரிசின் ஷான் து மார்ஸ் திடலில் கொண்டாட முடிவு செய்தார்கள். பல்லாயிரம் பேர் அமர மண்மேடை எழுப்ப வேண்டியிருந்தது; கூலியாள்கள் போதவில்லை. நகர மக்கள் தாங்களே மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பணக்காரர், ஏழை, துறவி, கடைக்காரர் என்று பார்க்காமல் எல்லாரும் மண் சுமந்தார்கள். விழா நாளன்று கொட்டிய மழையில் எல்லாரும் நனைந்தும் விழா நிற்கவில்லை. தாம் எழுப்பிய மேடையை விட்டு யார்தான் எழுந்து போவார்?

அதற்காக அசையாமல் நிற்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். 1988 ஜூனில், சோவியத் ஆட்சியின் கீழ் இருந்த எஸ்டோனியாவின் தாலின் நகரில் இளைஞர்கள் கோடை இரவுகளில் பாடல் விழாத் திடலுக்குப் போய், நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்த நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடிகளோடு விடிய விடியப் பாடினார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தாலினிலிருந்து லாட்வியாவின் ரிகா வழியாக லிதுவேனியாவின் வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு, மூன்று நாடுகளின் மக்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் விடுதலை கேட்டுக் கைகோத்து நின்றார்கள். அது மாலை 7 மணி. கைகோத்து நின்ற நேரம் 15 நிமிடம். வரலாற்றில் இடம்பெற்ற அந்த நிற்றலுக்குக் கால் மணி நேரமும் ஒரு கோடை மாலையும் போதுமாயிருந்தன. விருந்தினருக்காகக் காத்து நாங்கள் நின்றது ஒன்றரை மணி நேரம்.

பின்லாந்தில் கோடையின் நடுநாளே கொடியின் நாளும் ஆகும். வழக்கமாக அந்தியில் இறக்கப்படும் கொடி, முதல் நாள் மாலை ஏறினால் மறுநாள் இரவு வரை இறங்காமல் அந்த இருளாத இரவு முழுதும் பறக்கிறது. ஒரு நாடு தன் கோடையையே கொடியாக ஏற்றிவைப்பதாக எனக்குத் தோன்றும்.

எல்லாருக்கும் தேசிய நாள் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதையும் அறிவேன். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராசெஸ்டர் நகரில், அடிமைக்கு இந்த ஜூலை 4 எதற்கு என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் நடுக்கோடையில் வரும், தேசிய நாளாக உள்ள ஜனவரி 26ஐ அந்நாட்டு முதற்குடி மக்கள் 1938இல் சிட்னியில் துக்க நாளாகக் கடைப்பிடித்தார்கள். பெருமைப்படச் சொல்லி யாரையும் வரிசையில் நிறுத்த முடியாது. அதனால்தான், அசையாமல் நிற்பதை வைத்துப் பிள்ளைகளின் பற்றை அளக்காதீர்கள் என்கிறேன்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். விழாவையோ கொடியேற்றத்தையோ கைவிடச் சொல்லவில்லை. நாட்டுப்பண் பாடும்போது நிமிர்ந்து நிற்பதில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். கொடியேற்றத்தைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது நாட்டின் கொடி விதிகள் இடந்தந்தால் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வந்த பிறகு பிள்ளைகளை வரிசைக்கு அழையுங்கள். அவர் தாமதமாக வந்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டியது மேடைதான். உரை ஒன்று போதும், அதுவும் சுருக்கமாக. மீதி நேரத்தை எங்களிடம் கொடுங்கள்: ஊர்வலமாக நடக்கிறோம், பாடுகிறோம், இருட்டிய பிறகு விளக்கேற்றுகிறோம். மேடை அமைப்பதற்கும் எங்களைக் கூப்பிடுங்கள், மண் சுமக்கவும் தயார். பந்தலை மட்டும் விருந்தினருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் போடுங்கள், குடிநீரை வரிசையின் இரு முனையிலும் வையுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது.

இதைத் தள்ளிப்போட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. நான் நேசிக்கும் கோடையே மாறிவருகிறது. உலக வானிலை அமைப்பின் கணிப்புப்படி, பதிவான ஆண்டுகளில் மிகவும் வெப்பமானது 2024. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட அது ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல். என் தாத்தா சிறுவயதில் காலை பத்து மணிக்கு நின்று வணங்கிய வெயிலும், இன்று என் தம்பி நிற்கும் வெயிலும் ஒன்றாக இராது. பழைய நிகழ்ச்சிநிரலைப் பழைய நேரத்திலேயே நடத்துவது மரபைக் காப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். நேரம் என்பது விழாவின் வசதிக்கு வைத்ததே தவிர வேறில்லை என்பது என் கருத்து.

அடுத்த விழாவில் என் தம்பி ஏழாம் வகுப்பு வரிசையில் இருப்பான். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அதன் நேரத்தை ஒருமுறை பாருங்கள். ஊர்வலத்தை வழிநடத்தவும் தண்ணீர் கொடுக்கவும் ஆள் தேவைப்பட்டால் சொல்லியனுப்புங்கள். நானும், அன்று கொடியேற்றத்தைத் தவறவிட்ட என் வகுப்புத் தோழிகள் இருவரும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
மரத்தடியில் கண்விழித்த அந்த மாணவி